கொட்டாரத்தின் மேலே ஓடும் அலைகள்

குமரிமுனைக்கு யாத்திரை செல்வோர் நாகர்கோவிலை விட்டுப் புறப்பட்டு, சுசீந்திரத்தில் தாணுமாலயனைத் தரிசித்துக்கொண்டு, தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே தெற்கு நோக்கிப் போகையில் கொட்டாரம் என்னும் ஊரைக் கடக்கிறார்கள். கடந்து போகிறவர்களே பலர். இறங்கி நிற்பவர் சிலர். இன்னும் சிறிது தூரம் போனால் கடல். அங்கே அலைகளைப் பார்ப்பதற்காகத் தேசத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஆனால் அலை பார்க்கக் குமரிவரை போகவேண்டிய அவசியமில்லை. கொட்டாரத்துக் கடைத்தெருவில் நிற்பவன் தலைக்கு மேலேயே, நூறு கிலோமீட்டர் உயரத்திலும் முந்நூறு கிலோமீட்டர் உயரத்திலும், இரவும் பகலும் அலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் நீளம் கொட்டாரத்துக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பது ஒன்றே குறை.

சூரியனில் எழும் கொந்தளிப்பு பூமியின் காந்த சக்தியைக் குலைக்கும்பொழுது இந்த ஆகாய அலைகள் என்ன ஆகின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். இது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. கொட்டாரத்துக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சின்னமுட்டம் துறையிலிருந்து கடலுக்குப் போகிற மீனவன் இன்று நட்சத்திரத்தைப் பார்த்து மட்டும் திசை அறிவதில்லை. கையடக்கமான ஒரு பெட்டி, இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பெற்று, அவன் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அந்தச் சமிக்ஞை அவனிடம் வந்துசேர இந்த அலைகளின் ஊடே நுழைந்துதான் வரவேண்டும்.

முதலில் இடத்தின் விசேஷத்தைச் சொல்லிவிடுவோம். ஒரு காந்த ஊசியை மேலும் கீழும் ஆடக்கூடியவாறு குறுக்கு அச்சில் தொங்கவிட்டால், டில்லியில் அதன் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் தரையை நோக்கிச் சாய்ந்து நிற்கும். தெற்கே வர வர அதன் சாய்வு குறையும். நாஞ்சில் நாட்டுக்கு வந்தால் ஊசி ஏறக்குறைய மட்டமாகப் படுத்துவிடும். இவ்விதம் ஊசி மட்டமாய்ப் படுக்கும் இடங்களை இணைத்தால் பூமியைச் சுற்றி ஒரு கோடு கிடைக்கிறது. இதுவே காந்த மத்தியரேகை. பூகோளப் புஸ்தகத்திலுள்ள பூமத்திய ரேகை இந்தியாவுக்கு வெகு தெற்கே கடலில் போய்விடுகிறது. காந்த மத்தியரேகையோ நமது தென்கோடியைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. அது நிலையாக நில்லாமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்வது வேறு விஷயம். இந்தப் பெரிய தேசத்தில் அந்த ரேகையை ஒட்டிய நிலம், திருவனந்தபுரம், திருநெல்வேலி, குமரி ஆகிய இந்த மூலையில் மட்டுமே இருக்கிறது.

இதனால் நேர்வது என்ன? பகலில் சூரிய ஒளி மேல் வாயு மண்டலத்தின் அணுக்களை உடைத்து மின்னேற்றமுள்ள துகள்களாக்குகிறது. இவ்வாறு உடைந்த துகள்கள் நிறைந்த பிரதேசத்தையே அயனி மண்டலம் என்கிறோம். சுமார் நூற்றைந்து கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று இத்துகள்களைக் காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இழுத்துச்செல்ல, மின்சாரம் பிறக்கிறது. மற்ற இடங்களில் சாய்வாக நிற்கும் காந்தக் கோடுகளின் வழியே மின்னேற்றம் மேலும் கீழும் வடிந்துவிடும். காந்த மத்தியரேகையில் கோடுகள் படுத்துக் கிடப்பதால் வடிய வழியில்லை. தேங்கிய மின்னேற்றம் கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பன்மடங்கு பெருக்கிவிடுகிறது. ஆகவே ரேகையின் இருபுறமும் முந்நூறு கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒரு மின்சார ஆறு பகல் முழுதும் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பெரு நாட்டின் ஹுவாங்காயோ நிலையத்தில் 1922 முதல் எடுத்த அளவுகளிலேயே இதன் அடையாளம் தென்பட்டது. 1951-ல் சிட்னி சாப்மன் என்ற ஆங்கில அறிஞர் இதற்கு மின்தாரை என்னும் பொருள்பட ஒரு பெயர் வைத்தார். தாமிரபரணியும் பழையாறும் நமக்குத் தெரியும். இந்த மூன்றாவது ஆறு நம் தலைமேல் ஓடுவது நமக்குத் தெரியாது.

இந்த மூலையின் அருமையைப் பிறர் நமக்குமுன் உணர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கொட்டாரம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். சங்கீதத்தால் பேர்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ஆம் ஆண்டளவில், திருவனந்தபுரத்தில் வான ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. கால்டிகாட் என்பவர் அதன் முதல் அதிபர். 1852-ல் அவ்விடத்துக்கு வந்த ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் செய்த காரியம் ஒன்று இன்றும் வியப்பூட்டுவது. தரைமட்டத்தில் காந்த ஊசி ஆடும் விதத்தையும், உயர்ந்த மலையில் அது ஆடும் விதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பி, 1855-ல் அகஸ்திய மலையின்மேல் ஒரு நிலையம் கட்டினார். அம்மலையின் உயரம் 1800 மீட்டருக்கும் அதிகம். அட்டையும் மழையும் பெருங்காற்றும் நிறைந்த அம்முகட்டில், காலம் தவறாமல் ஊசியின் நிலையை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு உதவியாளர்களே. புஸ்தகத்தின் அட்டையில் ப்ரௌனின் பெயர் இருக்கிறது. குளிரில் விழித்திருந்தவர்களின் பெயரைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

ப்ரௌன் கண்டது அற்பமானதன்று. காந்த சக்தியின் தினசரிச் சராசரி ஓரிடத்தில் தாழ்ந்தால் அதே நாளில் உலகின் மற்றப் பாகங்களிலும் தாழ்கிறது என்றும், அத்தாழ்வு ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றும் அவர் கணக்கிட்டார். சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே ஊசியை ஆட்டுவது சூரியன்தான் என்பதற்குத் தெளிவான சாட்சியங்களில் ஒன்று திருவாங்கூர் மண்ணில் கிடைத்தது.

அதே காலத்தில் பம்பாயில் கொலாபா நிலையம் மற்றொரு சாட்சியத்தைப் பதிவு செய்தது. 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் சூரியனின் கறைகளை வரைந்துகொண்டிருக்கையில், அவற்றிடையே கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி ஒன்று பளிச்சிட்டதைக் கண்டார். ஒரு நாள் முடிவதற்குள் காந்தப் புயல் பூமியை மோதியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தாமாகவே மின்சாரம் பாய்ந்தது. கொலாபாவில் காந்த சக்தி 1600 நானோ டெஸ்லா அளவு திடீரெனத் தாழ்ந்தது. நமது பிரதேசத்தின் முழுக் காந்த சக்தியே சுமார் 40,000 நானோ டெஸ்லா. அதில் நூறு குறைந்தாலே புயல் என்று சொல்வது வழக்கம். இப்பெரும் புயலை இன்று உலகத்தார் எடை போடுவதற்குப் பம்பாயின் பதிவேடு ஒரு முக்கிய ஆதாரமாயிருக்கிறது. அந்நிலையத்துக்கு முதல் இந்திய அதிபராய் வந்த நானாபாய் மூஸ், பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 1910-ல் வெளியிட்டார். பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறதென்று தெரிந்ததும், அதன் மின்சாரம் ஊசிகளைக் கெடுக்கும் என்று உணர்ந்து, 1904-ல் கடலுக்கு அப்பால் அலிபாக்கில் புது நிலையம் அமைந்தது. பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சில காலம் ஒரே சமயத்தில் அளவெடுத்த பிறகே பழையதை விட்டார்கள். அதனால் சங்கிலி அறவில்லை. ஓர் அளவைத் தொடங்குவது எளிது. அதை அறாமல் காப்பதே அரிது.

நிற்க. இனி அலைகளுக்கு வருவோம்.

அயனி மண்டலம் ஒரு தட்டையான கூரை என்று எண்ணுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். ரேடியோ அலையை அது திருப்பி அனுப்புகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊகிக்கப்பட்டு, 1924-ல் ஆப்பிள்டனால் நிரூபிக்கப்பட்டது. நமது தேசத்தில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா 1930-ஐ ஒட்டி அப்படலங்களை ஆராயத் தொடங்கினார். 1947-ல் அவர் எழுதி வெளியிட்ட பெருநூல் உலகெங்கும் பாடபுஸ்தகமாயிற்று. சிற்றலை ரேடியோ கேட்டுப் பழகியவர்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு. நல்ல பாட்டு ஒன்று வந்துகொண்டிருக்கும்பொழுது குரல் மெல்ல அமிழ்ந்து போகும். சில நிமிஷங்களில் தானே மேலெழும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள், ஏரியல் கம்பியைத் திருகிப் பார்ப்பார்கள். குற்றம் பெட்டியில் இல்லை. மேலே கூரை அசைந்துகொண்டிருந்தது. நாற்பதுகளில் மன்ரோ என்பவர் ஆஸ்திரேலியாவில் இவ்வசைவுகளை அளந்து, இவை ஓரிடத்தில் நின்று ஆடுவனவல்ல, திசையும் வேகமும் கொண்டு பயணம் செய்வன என்று காட்டினார். 1960-ல் கனடாவின் ஹைன்ஸ் இதன் காரணத்தை விளக்கினார்.

காரணம் எளியது. குளத்தில் கல்லெறிந்தால் நீர் மேலெழுகிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது. அது தாண்டி இறங்குகிறது, மறுபடி எழுகிறது. காற்றும் அவ்வாறே. இடிமேகம் திரண்டு எழும்பொழுதும், பெருங்காற்று மலைத்தொடரில் மோதும்பொழுதும், பூகம்பம் குலுக்கும்பொழுதும் காற்றில் இத்தகைய ஏற்ற இறக்கம் உண்டாகி மேலே செல்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், அதே சக்தி மெலிந்த காற்றை அதிகமாக ஆட்டவேண்டியதாகிறது. சாட்டையின் பிடியில் கொடுத்த சிறு அசைவு நுனியில் சொடுக்காக வெடிப்பதுபோல, தரையருகே அறியக்கூடாத அசைவு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் பேரலையாகிவிடுகிறது.

இதற்குக் கொடிய அத்தாட்சி ஒன்று நம் கரையிலேயே கிடைத்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமாத்ராவினருகே எழுந்த ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் அழித்ததை இந்த ஜில்லா மறக்காது. அந்த அலை ஆழ்கடலின் நடுவே ஒரு மீட்டர் உயரங்கூட இல்லை. ஆயினும் கடற்பரப்பின் உயரத்தை அளந்து சென்ற செயற்கைக்கோள்கள், அந்த அலைக்கு மேலே வானத்திலுள்ள மின்துகள்களிலும் அதே விதமான ஏற்றத்தாழ்வைக் கண்டன. கடல் அசைய, காற்று அசைந்தது. காற்று அசைய, அயனி மண்டலம் அசைந்தது.

இவ்வாறு கீழிருந்து மேலே போகும் அலைகள் பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர் நீளமுள்ளவை; வினாடிக்கு நூறு முதல் முந்நூறு மீட்டர் வேகத்தில் செல்பவை. சூரியப் புயல் எழுப்பும் அலைகளோ வேறு ஜாதி. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று பூமியின் காந்தக் கவசத்தை மோதும்பொழுது, துருவப் பிரதேசங்களின் மேல்வானத்தில் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று பொங்குகிறது. அப்பொங்கலிலிருந்து அலை புறப்பட்டு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பூமியின் நடுப்பகுதியை நோக்கி வருகிறது. இதன் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வேகம் வினாடிக்கு 400 முதல் 1000 மீட்டர் வரை. துருவச் சுடர் மண்டலத்திலிருந்து நம் ஊருக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று கொண்டால், வினாடிக்கு எழுநூறு மீட்டர் வேகத்தில் வரும் அலை இரண்டரை மணி நேரத்தில் கொட்டாரத்தின் மேல் வந்துசேரும். இரு துருவங்களிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று ஊடுருவும் இடமும் இந்த நடுப்பகுதியே. கீழே மூன்று கடல் கூடுகிறது என்கிறோம். மேலே இரண்டு துருவங்களின் அலை கூடுகிறது.

ஆனால் புயலின் செய்தி அலைக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. துருவத்தில் எழும் மின்விசை காந்த மத்தியரேகைவரை சில நிமிஷங்களுக்குள் ஊடுருவுகிறது. அந்த விசை பகலிலும் அந்திப் பொழுதிலும் கிழக்கு நோக்கியதாயிருந்தால், இங்குள்ள அயனிப் படலம் முழுவதும் மேலே தூக்கப்படும். இதற்கு நேர்மாறான மூன்றாவது விளைவும் உண்டு. துருவத்தில் சூடேறிய காற்று மெல்லமெல்லத் தன் போக்கை மாற்றி, பல மணி நேரம் கழித்து எதிர்த்திசை மின்விசையை உண்டாக்குகிறது. அப்பொழுது நம் மின்சார ஆறு தளர்கிறது. சில வேளைகளில் மேற்கு நோக்கித் திரும்பியும் பாய்கிறது. முதல் செய்தி நிமிஷத்தில். அலை இரண்டு மூன்று மணி நேரத்தில். எதிர்விளைவு அன்றிரவோ மறுநாளோ. இம்மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாய் வந்து விழுவதால்தான் ஒரு புயலைப்போல் மற்றொரு புயல் இருப்பதில்லை.

படலம் உயர்ந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். அங்கேதான் சங்கதியின் சாரம் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி விரைவில் கரைந்துபோகிறது. மேற்பகுதி அடர்த்தியாகவே மிஞ்சி நிற்கிறது. ஒரு பாத்திரத்தில் அடியில் எண்ணெயும் மேலே தண்ணீரும் நின்றால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? சிறிது அசைத்தால் போதும்; எண்ணெய் குமிழ் குமிழாகப் பொத்துக்கொண்டு மேலேறும். வானத்திலும் அதுவே நடக்கிறது. அசைப்பது எது? முன்சொன்ன அலை. அந்திக்குப் பின் படலத்தின் அடிப்புறம், கொடியில் தொங்கும் வேஷ்டியின் ஓரம்போல, சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு மடிப்பாக அலையலையாய் நிற்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். மடிப்பு மேலேறிய இடத்தில் குமிழி பிறக்கிறது. பிறந்த குமிழி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் எழும்பி, காந்தக் கோடுகளின் வழியே வடக்கும் தெற்கும் நீண்டு, தக்காணத்துக்கு அப்பாலும் எட்டுகிறது. அதன் ஓரங்கள் நைந்த துணிபோல் சிதைந்திருப்பதால், அதன் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம் மினுக்குவதுபோல் மினுக்கி, சில சமயம் அடியோடு அற்றுப்போகிறது.

ஆகவே காந்தப் புயல் குமிழிகளை வளர்க்குமா, அடக்குமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. புயலின் முதல் வேகம் நமக்கு அந்தியாகும் நேரத்தில் வந்தால், படலம் உயர்ந்து, சாதாரண அலையும் பெருங்குமிழியாக வெடிக்கும். அதே புயல் அன்று காலையிலோ முன்னிரவிலோ ஓய்ந்திருந்தால், அதன் எதிர்விளைவு அந்தியில் படலத்தை அழுத்திப் பிடித்து, அலை இருந்தும் குமிழி எழாமல் செய்யும். நள்ளிரவுக்குப் பின்னோ அந்த எதிர்விளைவே படலத்தைத் தூக்கி, வழக்கமில்லாத நேரத்தில் குமிழிகளைக் கிளப்பவும் கூடும். ஆரன்ஸ் என்ற அமெரிக்கர் 1991-ல் இந்தக் கால பேதத்தை வகுத்துக் காட்டினார். புயலின் பலத்தைவிட, அது உச்சமடையும் வேளையில் கொட்டாரத்துக் கடிகாரம் காட்டும் மணியே முக்கியம் என்று சுருங்கச் சொல்லலாம்.

இதைக் கண்ணாரக் காட்டிய நாள் 2015 மார்ச்சு 17. அன்று காலை பத்தேகால் மணியளவில் புயல் பூமியைத் தாக்கியது. மாலை மங்கும் வேளையில் திருநெல்வேலிக்கு மேலே அயனிப் படலம் வழக்கத்துக்கு மிஞ்சிய உயரத்துக்குத் தூக்கப்பட்டதைக் கருவிகள் பதிந்தன. மறுநாள் காட்சி தலைகீழ். நம் பக்கத்து வானத்தில் மின்துகள்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்து கிடந்தது. ஒரே புயல், ஒரே ஊர். இரண்டு நாளில் இரண்டு விதம். 2024 மே 10-ஆம் தேதி இரவு பத்தரை மணியளவில் தொடங்கிய புயல் இதைவிடப் பலமானது. இருபது ஆண்டுகளில் காணாதது. அன்றிரவு லடாக்கின் ஹான்லே நிலையத்துக் காமிராக்களில் வானம் சிவந்து தெரிந்தது. சூரியனை நோக்க இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 அப்புயலைத் தன் கருவிகளால் அளந்தது.

திருநெல்வேலி என்றோமே, அது எந்த இடம்? சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரந்தான். கற்சிலைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே இந்தியப் புவிக்காந்த நிலையத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருப்பது பெரும்பாலும் தெரியாது. கொலாபா, அலிபாக் நிலையங்களின் வாரிசான ஸ்தாபனம் அது. காந்த சக்தியை அளக்கும் கருவி, படலத்தின் உயரத்தை ரேடியோவால் தட்டிப் பார்க்கும் கருவி, 1992 முதல் எழுபது முதல் நூறு கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்றை அளந்த ராடார், இருட்டிரவில் வானத்தின் மங்கலான சுயவொளியைப் படம்பிடிக்கும் காமிரா ஆகியவை அங்கே வேலை செய்திருக்கின்றன. அந்தக் காமிராவில் வான அலைகள் ஏர் உழுத சால்போலக் கோடு கோடாய்த் தெரிகின்றன. குமிழிகள் கரும்பட்டைகளாய்க் கிழக்கே நகர்கின்றன. நம் மீனவருக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயருண்டு. நூறு கிலோமீட்டர் உயரக் காற்றுக்கு இன்னும் தமிழ்ப் பெயர் வைத்தபாடில்லை.

இதற்கு முன்னரே தும்பா நம் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் எழும்பியது. விக்ரம் சாராபாய் அந்த மீனவர் குப்பத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இந்தக் காந்த மத்தியரேகையே. சாராபாயின் ஆமதாபாத் ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1948 முதல் அதிபராயிருந்தவர், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன். நாமோ ராக்கெட்டின் புகையைப் பார்த்துப் பெருமைப்பட்டோமேயன்றி, அது எதை அளக்கப் போயிற்று என்று கேட்டவர் நம்மில் குறைவு. மின்சார ஆற்றின் நடுவே புகுந்து அதன் ஆழத்தையும் வேகத்தையும் அறிவதும் அவ்விடத்து ராக்கெட்டுகளுக்கு வேலையாயிருந்தது.

இனி மீனவர் விஷயம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவின் கரையோரக் குடும்பங்களுக்குச் செய்ததை விவரிக்க நமக்கு மனமில்லை. கரைக்குத் தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பதே அன்றைய பெருங்குறை. அதன்பின் நமது தேசத்துச் செயற்கைக்கோள்களான நாவிக் வழியே ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளை மீனவருக்குக் கொடுக்கும் முயற்சி எழுந்தது. நல்ல முயற்சி. ஆகாய விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் என்ற ஏற்பாடும் நம்முடையதே. அயனி மண்டலத்தால் நேரும் பிழையைக் கணக்கிட்டுத் திருத்திச் சொல்வதே அதன் முக்கிய வேலை. ஆனால் இவை யாவும் நாம் சொன்ன அலைகளுக்கும் குமிழிகளுக்கும் அடியில் நின்றே வேலை செய்யவேண்டியவை. அமைதியான நாளில் இடத்தைச் சில மீட்டர் பிசகாமல் காட்டும் கருவி, படலம் கொந்தளிக்கும் அந்தியில் பல மீட்டர் பிசகலாம். அல்லது சிறிது நேரம் வாயடைத்துப் போகலாம். துறைமுக வாயிலின் கல்வரிசையினருகே இருட்டில் படகைத் திருப்புகிறவனுக்குப் பத்து மீட்டர் என்பது அற்ப தூரமன்று. தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். கருவி பேசாமற்போனால் அது கெட்டுவிட்டதென்று எண்ணிக் கழற்றிப் போடுவதா, ஒரு மணி நேரம் பொறுப்பதா என்று அவர்கள் அறிந்திருப்பது நலம்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இது. ஓரிடத்தில் மட்டும் நிற்கும் கருவி, படலம் ஏறிற்று, இறங்கிற்று என்று சொல்லும். அலை எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு வேகம் என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது. கரையில் நிற்கும் ஒருவன் அலை காலில் பட்டதை அறிவான்; மூன்று பேர் மூன்றிடத்தில் நின்று பட்ட நேரத்தைக் குறித்தால்தான் அதன் போக்குத் தெரியும். துருவத்திலிருந்து புயலால் ஓடிவந்த நீண்ட அலையையும், அரபிக்கடலின் மேல் இடிமேகம் எழுப்பிய சிறிய அலையையும் பிரித்தறிய இதுவே வழி. இரண்டு அலைவரிசைகளில் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் கருவி ஒன்றிருந்தால் மேலேயுள்ள மின்துகள்களின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ராடாரைப்போல் அதற்குப் பெருஞ்செலவும் பெருங்கட்டடமும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து மாடி போதும். கொட்டாரத்தில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று, குளச்சலில் ஒன்று, வடக்கே வள்ளியூரில் ஒன்று என்று வைத்து, கிருஷ்ணாபுரத்துடன் இணைத்தால், நாஞ்சில் நாடு முழுதுமே ஒரு கருவியாகிவிடும். பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துக் குறித்து வரலாம். அகஸ்திய மலையில் குளிரில் விழித்திருந்தவர்கள் செய்த வேலையைவிட இது கடினமானதன்று.

மற்றொன்று, அறிவிப்பைப் பற்றியது. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால், அதன் வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் நம்மை எட்டுகிறது. அதிலிருந்து எறியப்பட்ட மின்துகள் மேகம் வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகிறது. அது புறப்பட்ட செய்தி விஞ்ஞானிகளுக்கு எட்டிவிடுகிறது. கடற்காற்றைப் பற்றிய எச்சரிக்கை எழுதி வைக்கும் அதே பலகையில், அதே எளிய தமிழில், இன்று மாலை கருவி பிசகக்கூடும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய இலாகா எதுவும் வேண்டாம். வருஷம் முழுதும் அந்த வரி வேண்டுவதுமில்லை. சூரியன் உக்கிரமாயிருக்கும் ஆண்டுகளில், மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், மாலை ஏழு மணி முதல் நள்ளிரவு வரை குமிழிகளின் காலம். கொட்டாரத்தில் விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆனதும் மேலே படலம் உயரத் தொடங்குகிறது. சின்னமுட்டத்துப் பலகையில் அந்த வரி எழுதப்படவேண்டியது அதற்கு முன், படகுகள் துறையில் நிற்கும்போதே.